பல்கலைக்கழக லிஸ்ட்

அந்தப் படிவத்தை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் படிவம் என்னவோ வானத்தில் இருந்து விழுந்ததைப் போலச் சொல்கிறார்கள். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வீட்டில் ஒருவரையும் பேசவிடாமல், நான் தட்டச்சு செய்த படிவம் அது.

பதுளையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவர்களுக்குச் சமூக விஞ்ஞானமும் சமாதானக் கற்கைகளும் படிப்பிக்கிறேன். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். சந்தேகம் கேட்பது சிங்களத்திலோ தமிழிலோ. சமாதானம் என்றதும் பிள்ளைகள் முதல் வாரம் வெள்ளைப் புறாவை எதிர்பார்த்து வருவார்கள். நான் தண்ணீர்க் குழாயில் தொடங்குவேன். ஒரு குழாய், பன்னிரண்டு குடும்பம், காலையில் ஒரு மணித்தியாலம்தான் தண்ணீர். யார் முதலில் வாளி வைப்பது? தகராறு வந்தால் யார் பேச்சை யார் கேட்பார்கள்? பாடப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் தூர தேசத்து யுத்தங்கள். ஒரு மாணவன் பரீட்சைத் தாளில் அந்தத் தேசத்து ஆறுகளின் பெயரைக்கூட வரிசையாக எழுதியிருந்தான். உன் விடுதியில் குளியலறைச் சண்டையை யார் தீர்த்து வைப்பது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டேன். முழித்தான். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அடுத்த செமஸ்டரில் எல்லாரும் களத்துக்குப் போகிறோம் என்று அறிவித்துவிட்டேன்.

இடம் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. பெரகலச் சந்தியில் இருந்து கொஸ்லந்தப் பக்கம் இறங்கும் வீதியில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிற்சங்கத் தலைவராக இருப்பவர் எனக்குத் தூரத்து உறவு. தோட்டத்தை நடத்தும் தொரையிடம் பேசி அனுமதி வாங்கித் தந்ததும் அவர்தான். லயத்துக்குள் வரும் தகராறு பொலிசுக்குப் போகாமல் எப்படித் தீர்கிறது என்பது ஆய்வுத் தலைப்பு. ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு காம்பரா; ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீடு தும்மும். அப்படி இருந்தும் பத்து வீடும் எப்படியோ ஒத்துப் போகின்றன. அந்த ‘எப்படியோ’வைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன்.

கேள்வி கேட்கப் போவதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். என் முதல் படிவத்தைக் குழு திருப்பி அனுப்பியது. பதில் சொன்னவர் பிறகு மனம் மாறி விலக விரும்பினால் அவரை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஆகவே பெயர், அடையாள அட்டை இலக்கம், லய இலக்கம், வீட்டு இலக்கம், கையொப்பம் என்று ஐந்து கட்டம் போட்டேன். மேலே பல்கலைக்கழக இலச்சினை. மூன்று மொழியிலும் வாசகம். கீழே, சந்தேகம் இருந்தால் அழைக்க வேண்டிய மாணவரின் தொலைபேசி இலக்கம். இந்த ஆய்வில் பங்குபற்றுவதால் உங்களுக்கு நேரடி நன்மை எதுவும் கிடைக்காது என்ற வரியையும் தடித்த எழுத்தில் போட்டேன். குழு பாராட்டியது. மற்றத் துறைகளுக்கும் அதை மாதிரியாக அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் லயத்துக்கு வந்தபிறகு பிள்ளைகள் இருவர் இருவராகப் போனார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. “எங்களுக்குள்ள சண்ட சச்சரவே கெடையாதுங்க” என்று ஒருவர் சொல்லும்போதே அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஒரு கோழிக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் களப்பணி கந்தல்தான் என்று எனக்குத் தோன்றியது. கோயில் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டி, நானே எழுந்து நின்று பேசினேன். “நானும் லயத்துல பொறந்தவதாங்க. பதினஞ்சு வயசு வரைக்கும் லயத்துலதான் இருந்தேன். பயப்படாம பேசுங்க.” அது உண்மை. ஆனால் அந்த உண்மையை நான் வழக்கமாகச் சொல்வதில்லை. அன்றைக்கு அது வேலைக்கு உதவும் என்று எடுத்து வைத்தேன்.

உதவியது. சனிக்கிழமை காலையில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். குளித்து, தலை சீவி, வெளுத்த சட்டையோடு. எல்லார் கையிலும் அடையாள அட்டையின் போட்டோ கொப்பி. போட்டோ கொப்பி எடுக்க அவர்கள் விடியற்காலையில் பஸ் ஏறிப் பெரகலச் சந்திக்குப் போய் வந்திருக்க வேண்டும். சிலர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கொண்டு வந்திருந்தார்கள். கோழிக்காகச் சண்டை போடுகிறவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எதற்கு என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நான் யோசித்ததெல்லாம் பாடத்தைத்தான். நம்பிக்கையைக் கட்டியெழுப்புவது என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரம் என் கண்முன்னால் வரிசையில் நிற்கிறது என்று நினைத்தேன். படம் எடுத்தேன். திங்கட்கிழமை வகுப்பில் திரையில் போட்டுக் காட்டினேன். துறைக் கூட்டத்திலும் காட்டினேன்.

மலை விளிம்பில் கடைசியாக நிற்பதைத் தொங்கல் லயம் என்பார்கள். அதில் ஏழு வீடு. பின் சுவரில் கை விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மண் சரியக்கூடிய இடம், கடும் மழைக்கு வெளியேற வேண்டும் என்று கதவுகளில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அந்த லயத்துக்குப் போனவள் பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். என் வகுப்பில் அவளைப் போலக் கவனமாக வேலை செய்கிறவர்கள் குறைவு. ஏழு வீட்டுப் படிவத்தையும் அவளே நிரப்பினாள். ஏழு பேரும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். அங்கே மற்றவர்களுக்காகப் பேசியவர் ஐம்பதை நெருங்கும் ஒரு அக்கா. கொழுந்து பறிப்பவர். கணவர் கொழும்பில் கடை வேலை. இரண்டு பெண் பிள்ளைகள்.

அறிக்கைகள் வந்தன, புள்ளி போட்டேன், செமஸ்டர் முடிந்தது. மழைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். அந்த மாணவி என் அறைக் கதவில் வந்து நின்றாள்.

“மெடம், தொங்கல் லயத்து அக்கா கோல் எடுத்தாங்க. நம்ம லிஸ்ட் எப்ப வெளிய வரும்னு கேக்குறாங்க.”

“என்ன லிஸ்ட்?”

“வீட்டு லிஸ்ட், மெடம்.”

அவள் சொன்னதை நான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. போன மாதம் கிராம உத்தியோகத்தர், தோட்டத்து ஆட்கள் கிராம சேவகர் என்று சொல்பவர், தோட்டத்துக்கு வந்திருக்கிறார். ஆபத்தான லயங்களில் இருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றும் திட்டத்துக்குப் பெயர் எடுத்திருக்கிறார். ஆபத்து அறிவித்தல் ஒட்டிய மற்ற லயத்து ஆட்கள் எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். தொங்கல் லயத்து ஏழு வீடு மட்டும் கொடுக்கவில்லை. எங்கள் பெயர் பல்கலைக்கழக லிஸ்ட்டில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தரின் பட்டியல் பிரதேச செயலகத்துக்குப் போய்விட்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம். அதுவும் யார் மேல்? எதிரில் நின்ற பிள்ளை மேல்.

“நீங்க ஒழுங்கா வாசிச்சுக் காட்டலையா?”

“ஒரு வரி விடாம வாசிச்சேன் மெடம். நன்மை எதுவும் கிடைக்காதுன்ற வரிய ரெண்டு தரம் வாசிச்சேன். நீங்க எழுதின மாதிரியேதான் வாசிச்சேன்.”

அவள் குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் குடையை எடுத்து, “நாளைக்குப் போவோம்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மழை. பதுளையில் இருந்து பண்டாரவளை, அப்புத்தளை, பெரகல என்று பஸ் மாறி மாறிப் போனோம். வழி முழுவதும் என் மனதில் ஒரு நல்ல விளக்கம் தயாராகிக்கொண்டே இருந்தது. படிவத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதே, தடித்த எழுத்தில் போட்டிருக்கிறதே என்று. அக்கா வேலை முடித்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. லிஸ்ட்டைக் கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதுதான் கஷ்டம். சொன்னேன். அது வீட்டுப் பட்டியல் இல்லை, பிள்ளைகளின் படிப்புக்கான படிவம், அதனால் ஒரு வீடும் வராது.

அவர் உட்காரச் சொல்லவில்லை.

“அப்ப எதுக்குங்க காம்பரா நம்பர் கேட்டீங்க?” என்றார். “எந்த லயம், எத்தனாவது காம்பரான்னு எழுதிக்கிட்டு, கையெழுத்து வாங்குனா அது வீட்டு லிஸ்ட்டுதானுங்களே. வேற எதுக்கும் எங்க காம்பரா நம்பர இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.”

நான் தடித்த வரியைப் பிடித்துக்கொண்டேன். “நன்மை எதுவும் கிடைக்காதுன்னு வாசிச்சாங்களே அக்கா?”

“எல்லாப் பாரத்துலயும் அது இருக்குங்க. அந்தப் பக்கம் வீடு கட்டிக் குடுத்தாங்களே, அந்தப் பாரத்துலயும் இது உத்தரவாதம் இல்லன்னு போட்டிருந்துச்சு. வாங்குனவங்க வாங்குனாங்கதானே? அத மறைக்காம வாசிச்சுக் காட்டவும் நல்ல புள்ளைங்கன்னு நெனச்சோம்.”

“சரி, கிராம சேவகர் வந்தப்ப அதுலயும் ஒரு பேரு குடுத்திருக்கலாமே?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தை விட ஆச்சரியம்தான் இருந்தது. “ரெண்டு லிஸ்ட்டுல பேரு இருந்தா ரெண்டுலயும் வெட்டிப்புடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? சூடு பட்டவங்க நாங்க. எது பெரிய லிஸ்ட்டுன்னு ஏழு வீடும் இதே வாசல்ல உக்காந்து ரெண்டு நாளு பேசுனோம். அவரு கொண்டாந்தது கையால கோடு போட்ட கொப்பி. உங்களுது அச்சடிச்சது. மூணு பாஷ. முத்திர.”

ஏழு வீடு, இரண்டு நாள். ஒருவர் இப்படிச் சொல்ல, இன்னொருவர் அப்படிச் சொல்ல, கடைசியில் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். லயத்துக்குள் தகராறு எப்படித் தீர்கிறது என்று பதினெட்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நான் தேடி வந்த விஷயம் நாங்கள் போனபிறகு, எங்கள் தயவால், எங்களுக்குத் தெரியாமல் நடந்து முடிந்திருக்கிறது. அந்த நேரத்தில்கூட எனக்கு இப்படி ஒரு நினைப்பு வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது.

“நாலு வீட்டு ஆளுங்க கிராம சேவகர் லிஸ்ட்டுதான் நல்லதுன்னாங்க” என்றார் அக்கா. “நாந்தான் மாத்துனேன். லயத்துல பொறந்த பொண்ணு படிச்சு அவ்வளவு பெரிய எடத்துக்குப் போயி, நம்ம கோழிச் சண்டையக் கேக்கவா இவ்வளவு தூரம் வரும்? வீட்டுக்காகத்தான் வந்திருக்கும், வெளிய சொல்ல முடியாது, அதான் சுத்தி வளைச்சுக் கேக்குதுன்னு சொன்னேன். இப்ப பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்புடுறப்ப பக்கத்துல நிக்கிறவங்க என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறாங்க.”

படிவத்தில் பிழை இருந்தால் திருத்தலாம். அவர்கள் நம்பியது படிவத்தை இல்லை, நான் மண்டபத்தில் எடுத்து வைத்த அந்த ஒரு வாக்கியத்தை. பதினைந்து வயது வரை லயத்தில் இருந்த எனக்கு, காம்பரா இலக்கம் கேட்டால் என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். மறந்தது மட்டும் இல்லை, மறந்துவிட்டு லயத்தில் பிறந்தவள் என்று பேரும் எடுத்துக்கொண்டேன். அந்த வாசலில் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்ததாகக் கிராம உத்தியோகத்தரைப் பார்க்கப் போனோம்; வயதில் இளைய பெண். சிங்களத்தில் பேசினோம். திட்டவில்லை. துணைப் பட்டியல் ஒன்று அனுப்பலாம், ஆனால் ஏழு குடும்பமும் உரிய நேரத்தில் பெயர் தராததற்குக் காரணம் எழுத்தில் வேண்டும் என்றார். காரணம் அவர்களுடைய கவனக்குறைவு என்றால் மேலே ஏற்கமாட்டார்கள், வேறு யாராவது பொறுப்பு என்றால் அவர் கையெழுத்தோடு கடிதம் தேவை.

எங்கள் துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. பல்கலைக்கழகக் கடிதத் தலைப்பைப் பாவிக்கச் சம்மதித்தார். ஒரு வசனத்தை மட்டும் தானே சொல்லித் தந்தார். “பங்குபற்றியவர்கள் படிவத்தைத் தவறாக விளங்கிக்கொண்டமையால்.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வசனம். அதையே தட்டச்சு செய்தேன். அச்சும் எடுத்தேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்த வருடம் அது. கையெழுத்துப் போடும் முன் மாணவியிடம் ஒரு தடவை வாசிக்கக் கொடுத்தேன்.

வாசித்துவிட்டு, “மெடம், இது அந்த அக்காட பிழைன்னு வருதே” என்றாள். தாளைத் திருப்பி நீட்டிக்கொண்டே, “அப்ப மேல ஏற்க மாட்டாங்கதானே?” என்றாள்.

அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். நான் தயாரித்த படிவமும், நான் அந்த மக்களிடம் பேசிய விதமும், அது வீட்டுப் பட்டியல் என்று அவர்கள் நம்புவதற்குக் காரணமாயின. பொறுப்பு முழுவதும் என்னுடையது. நான்கு வரிதான். துறைத் தலைவர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கடிதத்தின் பிரதி நெறிமுறைக் குழுவுக்கும் போனது. ஒரு வருடத்துக்கு மாணவரைக் களத்துக்கு அழைத்துப் போக எனக்குத் தடை வந்தது. பதவி உயர்வு அந்த முறை வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

துணைப் பட்டியலுக்குப் பெயர் எடுக்கக் கிராம உத்தியோகத்தர் ஒரு புதன்கிழமை பின்னேரம் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு வந்தார். தடை மாணவரை அழைத்துப் போவதற்குத்தான், நான் போவதற்கு இல்லை என்று நானாக ஒரு வியாக்கியானம் செய்துகொண்டு நானும் போனேன். மாணவி தன் சொந்த விருப்பத்தில் வந்திருந்தாள். ஏழு வீட்டு ஆட்களும் பெஞ்சுகளில் இருந்தார்கள். அக்காவோடு ஒருவரும் பேசவில்லை. முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அவர் படிவத்தை வாங்கி மாணவியிடம் நீட்டினார். “வாசிங்க.” அவள் வாசித்தாள். “இன்னொருவாட்டி வாசிங்க.” இன்னொரு தடவை வாசித்தாள். அக்கா உத்தியோகத்தரிடம் திரும்பினார்.

“இதுல வீடு இருக்குங்களா, இல்லீங்களா?”

உத்தியோகத்தருக்கு ஓரளவு தமிழ் தெரியும். “பெயர் மேல போகும். அது மட்டும்தான் எனக்குச் சொல்ல ஏலும்.”

“அப்ப சரிங்க.”

கையெழுத்து வைத்தார். படிவத்தின் அடியில் சாட்சியின் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. மற்ற லயங்களுக்குத் தொழிற்சங்கத் தலைவர் சாட்சி வைத்திருந்தார். அன்றைக்கு அவர் சங்க வேலையாக அப்புத்தளைக்குப் போயிருந்தார். உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, நீங்கள் அரச உத்தியோகத்தர்தானே, ஏழு பேருக்கும் நீங்களே வைத்துவிடலாம் என்றார். நான் பேனாவை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் அவசரமாக எடுத்தேன். ஏழு படிவத்தின் அடியிலும் என் பெயர் வந்தால் கொஞ்சமாவது ஈடு செய்ததாகும் என்று ஓர் ஆசை.

“இவங்க வேணாங்க” என்றார் அக்கா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. “புள்ளக்காம்பரா ஆயாவக் கூப்புடுறோம். புள்ளைங்கள ஒப்படைச்சிட்டு வந்துரும். கொஞ்சம் இருங்க.”

அவ்வளவு நேரம் அவரோடு பேசாமல் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து, “ஆமாங்க, ஆயாவே வைக்கட்டும்” என்றார். இன்னொருவர் குடையை விரித்துக்கொண்டு ஆயாவைக் கூப்பிடப் போனார். பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெண் நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டார். அக்கா போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஏதோ மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள்.

ஆயா வர அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. எல்லாரும் காத்திருந்தோம். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது, மழை விடவில்லை. அக்கா செய்ததில் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்தும் அந்த எண்ணம் குறையவில்லை. ஆயா வந்து, கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஏழு படிவத்திலும் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கடைசிப் படிவத்தை உத்தியோகத்தர் கோப்புக்குள் வைத்த பிறகு, அக்கா மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போய் வாருங்கள் என்று தலையாட்டிவிட்டு, மண்டப வாசலில் நின்றேன்.